நம் டீச்சரின் ‘வராதவர் நோட்டு’

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.
நாள்: 5.11.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி முடிந்த மறு வாரம் நம் டீச்சர் காலமானது உங்கள் எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டில் உங்களில் பலரைப் பார்த்தேன். யாரிடமும் நின்று பேச முடியவில்லை. மறுநாள் பள்ளி சார்பில் இரங்கல் தீர்மானம் எழுத உட்கார்ந்தேன். ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று முதல் வரியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. யார் இறந்தாலும் எழுதுகிற வரி அது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கே நேராக எழுதுகிறேன்.

பெயர் சொல்லாமல் ‘டீச்சர்’ என்றே எழுதுகிறேன். மற்ற எங்களை மூணாப்பு டீச்சர், கணக்கு சார், ஹெச்.எம். சார் என்று பிரித்துச் சொல்வீர்கள். வெறும் ‘டீச்சர்’ என்றால் நம் ஊரில் அவர் ஒருவர்தான்.

1985இல் இடைநிலை ஆசிரியராக இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 24. பள்ளி அப்போது இரண்டு ஓட்டுக் கட்டிடம். பஸ் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதையில் நடை. முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கினார். நம் ஊருக்குள் சைக்கிள் ஓட்டி வந்த முதல் பெண் அவர்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 2019இல் ஓய்வு பெறும்வரை 34 வருடம் இதே பள்ளி. இடையில் இரண்டு தடவை தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்குப் போக வேண்டும் என்பதால் இரண்டு தடவையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

உங்களில் இளையவர்களுக்கு அறிவொளி நாட்கள் தெரிந்திருக்காது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்தந்த ஊர்க்காரர்களே இரவில் பாடம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பகல் முழுக்க வகுப்பு எடுத்த டீச்சர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் வீடு திரும்பிச் சோறாக்கி முடிக்கும்வரை காத்திருந்து, எட்டு மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைப்பாராம். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிலேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

சைக்கிள் பயிற்சியும் அறிவொளியில் ஒரு பாடம். வற்றிக் கிடந்த நம் கண்மாய்க்குள்தான் நடந்திருக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் ஏறுவார்கள், விழுவார்கள். டீச்சர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். லேடீஸ் சைக்கிள் எல்லோருக்கும் கிடைக்காத காலம். பாதிப் பேர் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி புதுக்கோட்டை டவுனில் ஆயிரத்தைந்நூறு பெண்கள் சைக்கிள் ஊர்வலம் போனார்களே, அதில் நம் ஊரிலிருந்து ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேரின் பேரப்பிள்ளைகள் இப்போது நம் பள்ளியில் படிக்கிறார்கள்.

துக்க வீட்டில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். அறிவொளியில் எழுத்துக் கூட்டப் படித்து முடித்த கையோடு அவர் மகளுக்குக் கல்யாணம். அச்சடித்து வந்த பத்திரிகையை முதல் ஆளாக வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் படித்திருக்கிறார். மாப்பிள்ளை பெயர், சம்பந்தி பெயர், தன் வீட்டுக்காரர் பெயர், தாய்மாமன்கள் பெயர் எல்லாம் இருந்தன. பெற்ற தாயின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. “அதுவரைக்கும் எத்தனையோ பத்திரிகை வந்துச்சு சார். எதுலயும் பொம்பள பேரு இல்லைங்கறதே எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சப்புறந்தான் தெரிஞ்சுச்சு.” பத்திரிகையைத் திருப்பிக் கொண்டுபோய்த் தன் பெயரைச் சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் பெரிய ரகளை. “டீச்சர் வந்து எங்க வீட்டுக்காரருகிட்ட ஒண்ணுமே பேசல. பத்திரிகையை வாங்கிப் பார்த்துட்டு, அட, பேரு விட்டுப்போச்சேன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவரே பிரஸ்ஸுக்குப் போனாரு.” அந்தப் பத்திரிகை இன்னும் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம்.

நான் இங்கே பொறுப்பேற்றது 2012இல். வந்த மூன்றாம் மாதம், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரமாக வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘நீண்ட நாள் வராதவர்’ என்று எழுதச் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். விதிப்படி நான் செய்தது சரி. டீச்சர் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். “சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோமா?” என்றார். என்னைவிட 15 வயது மூத்தவர், அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். சாயங்காலம் போனோம். அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாயிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான் அந்தப் பத்து வயதுப் பையன். ‘ஏன் ஸ்கூலுக்கு வரல’ என்று கேட்கத் தயாராகப் போன எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி மிச்சக் கஞ்சியை அவரே ஊட்டினார். பிறகு பக்கத்து வீட்டம்மாவிடம் பேசினார். மறுநாளிலிருந்து மதியம்வரை அப்பாயியை அந்தம்மா பார்த்துக்கொள்வதென்றும் பையன் அரை நாள் பள்ளிக்கு வருவதென்றும் முடிவானது. அரை நாள் வந்தவனை டீச்சர் முழு நாள் வந்தவனாகவே நடத்தினார். சிவப்பு மையை அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்காமல் தொட்டதில்லை.

அந்த மாதிரிப் போய் வந்ததையெல்லாம் அவர் எழுதி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. ஆசிரியர் அறை பீரோவின் அடித்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால், 22 நோட்டுகள் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நாற்பது பக்க நோட்டு. அட்டையில் ‘வராதவர்’ என்ற ஒரே வார்த்தை. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு:

“12.8.1997. நாலாம் வகுப்பு. ஆடு மேய்க்கப் போனான். அப்பா திருப்பூர். ஆட்டை மாலையில் மேய்க்கலாம் என்று அம்மாவிடம் பேசினேன். சட்டையில் பட்டன் இல்லை என்று வெட்கப்படுகிறான். தைத்துக் கொடுத்தேன். நாளை வருவான்.”

அதற்குக் கீழே வேறு மையில்: “வந்தான்.”

நோட்டு முழுக்க இப்படித்தான். கடலை பறிக்கப் போனாள். விடிகாலையில் பூப்பறித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தம்பியையும் கூட்டி வரச் சொன்னேன். சாப்பிடாமல் வந்து நேற்று மயங்கியதால் இன்று வர பயம். பிள்ளைகளை அவர் எங்கேயும் குறை சொல்லவில்லை. உங்களையும் சொல்லவில்லை. 22 நோட்டிலும் ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று ஒரு வரி இருக்குமோ என்று தேடினேன். இல்லை. நானாக இருந்தால் பத்து இடத்திலாவது எழுதியிருப்பேன்.

ஊசி, நூல், பட்டன், நகவெட்டி இவை எப்போதும் அவர் பையில் இருக்கும். மேஜை டிராயரில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் பொட்டுக்கடலையும் வெல்லமும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். 25.8.2023இல் நம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்று காலை ஏழரை மணிக்கே வந்து வராந்தா தூணோரம் நின்றுகொண்டார். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து தட்டைக் கழுவும்வரை நின்று பார்த்துவிட்டு, “இனிமே அந்த டப்பா வேண்டாம் சார்” என்றார். டப்பாவை இப்போது ஒன்றாம் வகுப்பில் சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறோம்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்தால் மேலே படிக்க ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று பல வீடுகளில் நிறுத்திவிடுவார்கள். டீச்சர் சடங்குக்குச் சீர் எடுத்துக்கொண்டு போவார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் குங்குமம், நடுவில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். சபையில் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு, “ஒம்பதாம் வகுப்புக்கு ஆகும்” என்பார். சீராக வந்ததை யாரும் மறுக்க முடியாது. நம் புதுக்கோட்டைக்காரர் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்த கதையை அங்கேயே பெண்களோடு உட்கார்ந்து சொல்லுவார். அப்படி ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியவர்களில் இரண்டு பேர் இன்று நர்ஸ். ஒருவர் நம் ஒன்றியத்திலேயே ஆசிரியர்.

கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 16.11.2018 விடிவதற்குள் நம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. சத்துணவுக் கூடத்து ஓடுகள் பறந்துவிட்டன. மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். ரோட்டில் குறுக்கே கிடந்த மரங்களுக்கு மேலே சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்து, 57 வயதில். வந்ததும் வராந்தாவில் கயிறு கட்டி, நனைந்துபோன புத்தகங்களைத் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாக விரித்துத் தொங்கவிட்டார். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். தோப்பை இழந்து நின்ற வீடுகளுக்கு அது சின்னத் தொகையா? அறிவொளி காலத்து அரிக்கேன் இரண்டைத் தன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொண்டுவந்தார். அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மூன்று பேர் தேறினார்கள்.

இனி எழுதப்போவது எனக்குச் சிரமமானது. இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கம் ஏப்ரல் 2019. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றியது. “நான்கு நாளாக வரவில்லை. வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை போக வேண்டும். ஹெச்.எம். சாரிடம் சொல்ல வேண்டும்.” அவர் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டு இறுதி வேலைகள் இருந்தன, அவருடைய ஓய்வு விழா ஏற்பாடுகள் இருந்தன. ஜூனில் பள்ளி திறந்ததும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜூனில் போனபோது குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார்கள். தேடிப் போன் நம்பர் வாங்கிப் பேசுவதற்கு ஆகஸ்ட் ஆகிவிட்டது. அங்கே எந்தப் பள்ளியிலும் சேர்த்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கவேயில்லை. டீச்சர் அதன்பிறகு என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் கீழே ‘வந்தாள்’ என்று எழுத இடம் விட்டிருக்கிறார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

எனவே நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வருகைப் பதிவை இப்போது செல்போன் செயலியில் போடுகிறோம். அது அப்படியே நடக்கும். கூடவே 23ஆவது நோட்டைத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும், தகவல் இல்லையென்றால், அன்று சாயங்காலமே எங்களில் ஒருவர் உங்கள் வாசலுக்கு வருவோம். குறை கேட்க வருகிறோம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் என்ன கஷ்டமோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். போகிற ஊரில் பள்ளியில் சேர்க்கிற வேலையை நான் முன்னின்று செய்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவும் நாங்களும் சேர்ந்து டீச்சருக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம். பிளெக்ஸ் வேண்டாம். மாலையும் வேண்டாம். டீச்சர் படத்துக்கு நம் பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தி போதும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அறிவொளியில் படித்த அம்மாக்களும் பாட்டிகளும் அவசியம் வர வேண்டும். நாற்காலி முன்வரிசையில் அவர்களுக்குத்தான். அந்தக் காலத்துச் சிலேட்டோ, டீச்சர் எழுதிய கடிதமோ, ஜியாமெட்ரி பாக்ஸோ வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

டீச்சரின் மகன் அவருடைய சைக்கிளைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண் பிள்ளைகள் 11 பேர் இருக்கிறார்கள். திங்கள், புதன் நான்கரை மணிக்குமேல் மைதானத்தில் கற்றுக்கொடுக்கிறோம். பின் டயர் தேய்ந்துபோயிருக்கிறது, பிரேக் கட்டையும் மாற்ற வேண்டும். சைக்கிள் வேலை தெரிந்தவர்கள் யாராவது இந்த வாரத்துக்குள் வந்து பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தலைமையாசிரியர்