மெஷின் கொடுக்கும்போது காதையும் பாருங்கள்

கொங்குப் பகுதியில் தூக்க மூச்சுத்திணறலுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், சீபேப் மெஷின் (தூங்கும்போது மூச்சுப்பாதை அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) விற்பவர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவர். சீபேப் மாட்டியபின் பகல் தூக்கம் போய் முகமே தெளிந்தது. ஆனால் காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும், "காது அடைச்சாப்பல இருக்குது கண்ணு" என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டுவார். மெஷின் வாங்கிய இடத்தில், "தறிச் சத்தத்துல இருந்த காதுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். வலியும் சேர்ந்ததும் அப்பா மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். குறட்டையும் மூச்சு நிற்பதும் திரும்ப வந்தன.

தறிச் சத்தம் கெடுப்பது உள்காதை. மாஸ்க் போட்ட இரவுக்கு மறுநாள் மட்டும் வரும் அடைப்புக்குத் தறிமேல் பழி போட்டால் எப்படி?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேக்கியன் குழாய், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். சீபேப் தருவது பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம், அதாவது அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். தூக்கத்தில் எச்சில் விழுங்கும்போது அந்த அழுத்தம் நடுக்காதுக்கு ஏறி, செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அடைப்பதும் இதே மாதிரிதான். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, இங்கே உள்ளே கூடுகிறது. பஸ்ஸில் விழுங்கினால் அடைப்பு விட்டுவிடும். மெஷின் ஓடும்போது விழுங்கினால் இன்னும் காற்று ஏறலாம். பெரும்பாலானவர்களுக்கு இது தொந்தரவாக இருக்காது. சளியோ அலர்ஜியோ இருந்து குழாய் வீங்கியிருந்தால் சிக்கல் வரலாம். பஞ்சுத் தூசியில் மூக்கடைத்துக் கிடக்கும் மில் தொழிலாளிகள் எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள்!

அதனால் மெஷினை எழுதும் முன்பே காதில் சீழ் வந்ததா, ஆபரேஷன் நடந்ததா என்று கேளுங்கள். லைட் அடித்துச் செவிப்பறையைப் பாருங்கள். நடுக்காது அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரி சில நிமிட வேலைதான். காது ஆபரேஷன் புதிதாக ஆனவர் எப்போது மறுபடி மாட்டலாம் என்பதை அந்த சர்ஜனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், அடைப்பு என்று வந்தவரிடம் "பழகிடும்" என்று சொல்லாதீர்கள். மூக்கடைப்புக்கு மருந்து, மெஷின் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், அழுத்தத்தைத் திரும்பப் பார்த்துக் குறைப்பது என்று வழிகள் இருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கைச் சரிசெய்து, அழுத்தத்தையும் மாற்றச் சொன்னபிறகு அப்பா இப்போது மாஸ்க்கோடுதான் தூங்குகிறார்.

விற்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மெஷினோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள்: "காது அடைத்தால், வலித்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்." கீழே, கூப்பிட்டால் ஆள் எடுக்கிற ஃபோன் நம்பர்.