கோழி எருவும் ஊமற்கரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கோழி எரு எவ்வளவு நல்ல பசளை என்பதை இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்ட 2021ஆம் ஆண்டு நமக்கு நன்றாகவே உணர்த்தியது. எனினும், அதனை மூடை மூடையாக இறக்கிக் கிணற்றடியோரம் திறந்தவெளியில் குவித்து, மக்குமுன்னரே மண்ணில் கொத்திவிடும் வழக்கம் மிகுந்த கவலையைத் தருகிறது.

அத்தகைய குவியலைக் கிளறும்போது கண்ணை எரிக்கும் நெடி அமோனியா வாயுவினுடையது. பயிருக்கென்று காசு கொடுத்து வாங்கிய நைதரசனே அவ்வாறு காற்றோடு போகிறது. நெடி அடங்கட்டும் என்று சிலர் அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ தூவுகிறார்கள். காரத்தன்மை கூடக்கூட அமோனியா இன்னும் விரைவாக வெளியேறும் என்பதால் இது நட்டத்தையே பெருக்கும். எஞ்சும் நைதரசனில் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, மாரி மழையோடு சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக நிலக்கீழ் நீரைச் சென்றடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நிறமும் மணமும் இல்லாத இது, கொதிக்க வைத்தாலும் நீங்காது. அந்நீரில் கரைத்த மாப்பாலைக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

எருவை மக்க வைக்கும்போதே, அதன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை நொறுக்கிய கரியைக் கலப்பது இந்த இழப்பைக் கணிசமாகக் குறைக்கும். கரியின் நுண்துளைகள் அமோனியாவைப் பிடித்துவைப்பதோடு, ஈர எரு கட்டிபட்டு இறுகாமல் காற்றோட்டத்துக்கும் இடமளிக்கின்றன. ஆனால் கரியிலுள்ள காபன் எளிதில் மக்காது என்பதால், நுண்ணுயிர்களுக்கு உணவாக வைக்கோலும் சருகும் தாராளமாகச் சேர வேண்டும். கரி அவற்றுக்கு மாற்றாகாது. கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். குவியலின் நடுப்பகுதி சில நாட்களுக்கு 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, வெளிப்புறம் உள்ளே வருமாறு புரட்டியும் விடப்பட்டால், நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெருமளவு அழியும்.

கரிக்கு நாம் வெளியூரை நாட வேண்டியதில்லை. பனங்கிழங்கு கிண்டிய பின் வளவு மூலைகளில் வீணே கிடக்கும் ஊமலையும் (முளைத்த பனங்கொட்டையின் வெற்று ஓடு) காய்ந்த பனை மட்டைகளையும் ஆழமான குழியிலிட்டு எரித்து, தணல் நீறு பூக்குமுன் தண்ணீர் விட்டு அணைத்தால் நல்ல கரி கிடைக்கும். நீறாகவிட்டால் மீண்டும் சாம்பலையே எருவில் சேர்த்தவர்களாவோம்.

எனவே, விவசாயப் போதனாசிரியர்கள் கமநல சேவை நிலையங்களின் துணையோடு, கரி கலந்த கூட்டெருவையும் கலவாததையும் அருகருகே உள்ள பாத்திகளில் இட்டுக் கமக்காரருக்குக் காட்ட வேண்டும் என்றும், அத்தோட்டங்களின் கிணற்று நீரை மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து முடிவுகளை ஊரறியச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, குவியல்களைக் கிணற்றிலிருந்து தள்ளி வைத்துத் தறப்பாளால் மூடுவதையாவது ஒவ்வொருவரும் இப்போதே செய்யலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோப்பாய், யாழ்ப்பாணம்.