ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. வடகம் காயவைக்க நான்தான் மேலே போகிறேன். சின்னவன் வேலையில் சேர்ந்துவிட்டான். அதை அவனே சொல்லியிருப்பான்.

குட்டிக்கு இருமல் நின்றதா? பத்து நாளாக நீ போன் பண்ணவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் "பரவாயில்லை மாமா" என்கிறார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. அவள் வயசுக்கு 40-ஐத் தொட்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியட்டும் என்று இருக்காதே. உடனே ஆஸ்பத்திரி. அதெல்லாம் இல்லாமல், மூக்கு ஒழுகிக்கொண்டே விளையாடுகிறாள் என்றால் பெரும்பாலும் வைரஸ்தான். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இருமல் போக இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஒன்பதாம் மாத நிமோகாக்கல் ஊசி போட்டாயிற்று இல்லையா?

போன தடவை வீடியோவில் பேசும்போது பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாய். கதவுத் தட்டில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை மருந்து. முப்பது வருஷம் மருந்துக் கடையில் விற்றவனுக்கு லேபிள் தெரிய வேண்டியதில்லை. போன மாதம் காதுவலிக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக், அமாக்ஸிசிலின் கிளாவுலனேட். தண்ணீர் கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான் அதற்குக் கணக்கு. அந்த மீதியைக் குட்டிக்குக் கொடுத்தாயா? அன்றைக்கே கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. இருபது பேரைக் கட்டி மேய்க்கிறவள், இது தெரியாதா உனக்கு? "உங்ககிட்டதானேப்பா கத்துக்கிட்டேன்" என்று நீ திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கடையில் "ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே" என்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், டாக்டர் பீஸுக்கு எங்கே போவார்கள்? அட்டையைக் கத்தரித்து இரண்டு அசித்ரோ ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பேன். உதவி என்றுதான் நினைத்தேன். தொண்டையில் சும்மா குடியிருக்கும் கிருமிகளில் மருந்துக்குச் சாவது செத்துப்போகும், தாங்கியது மிஞ்சிப் பெருகும். அசித்ரோ உடம்பை விட்டுப் போகவே நாளாகும். அளவு குறைந்து கிடக்கும் அந்த நாட்களில் அது கிருமியைக் கொல்வதில்லை, பழக்குகிறது.

2014 மார்ச்சில் மருந்துக் கடைகளுக்கு எச்1 பதிவேடு வந்தது உனக்கு நினைவிருக்கும். செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உன் கையெழுத்து அழகு என்று லீவில் உன்னை எழுத உட்காரவைத்தேன். "டாக்டர் பேருப்பா?" என்றாய். ஏதோ ஒரு பழைய சீட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாய்.

மருந்துக் கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு டாக்டர் சொன்னார். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே எச்சரித்தாராம். தொண்டைவலிக்காரர் ஒருவர் தானாகப் பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். சாகாமல் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அந்த அம்மாளுக்கு நிமோனியா வந்து, மருந்து பலிக்காமல் இறந்துபோகிறார். யார் பொறுப்பு என்று கேட்டாராம். நான் பின்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஐசியூவில் கிடந்தபோது சளி கல்ச்சர் ரிப்போர்ட்டை நீதான் வாங்கி வந்தாய். கிளெப்சியெல்லா என்ற கிருமி. செஃப்ட்ரியாக்சோன் ஆர், சிப்ரோ ஆர், கீழே வரிசையாக ஆர். ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் கொலிஸ்டின்தான் மிஞ்சியது. வராந்தாவில் வைத்து, "அம்மாவுக்கு வீட்ல என்னென்ன மாத்திரை குடுத்தீங்கப்பா?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

பொய் சொன்னேன் கண்ணு. ஒவ்வொரு இருமலுக்கும் கொடுத்தேன். இரண்டு நாள், அடங்கியதும் நிறுத்திவிடுவேன், அப்புறம் அடுத்த தடவை வேறொன்று. ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நீ கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அந்த பாட்டிலை எடுத்துவிடு. கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல். எத்தனை நாள், எத்தனை மில்லி, எல்லாம் சொல். நான் கேட்டேன் என்று கோபப்படாதே.

என்னோடு பேச வேண்டாம், சரி. ராத்திரி அவள் தூங்கினதும் மூச்சை எண்ணி, நம்பரை மட்டும் வாட்ஸ்அப்பில் போடு. 26, 28 என்று அவ்வளவு போதும். எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.

அப்பா