கண்ணாடி இழைக் கம்பிக்கு மண்டபம் கடற்கரையில் சோதனை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுடன் புதிய கான்கிரீட் தளம் சேர்க்கும்போது, இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்த கம்பியைப் போடலாமா என்ற பேச்சு கொத்தனார்கள் வரை வந்துவிட்டது. துருப்பிடிக்காது, எடை இரும்பில் ஏறக்குறைய கால் பங்குதான் என்பவை உண்மையே. ஆனால் விறைப்பும் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால், அதே பருமனில் மாற்றிப் போட்டால் தளம் கூடுதலாகத் தொய்யும். பாரம் மீறினால் இரும்பு முதலில் நீண்டு எச்சரிக்கும்; இந்தக் கம்பியோ எச்சரிக்காமல் சட்டென முறியும். கம்பி கட்டுபவர் வேலையிடத்திலேயே வளைத்துக்கொள்ளவும் முடியாது, வளைவுகளை ஆலையிலேயே செய்து வாங்க வேண்டும். தீயில் பிசின் இளகுவதைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை.

சிமெண்டின் காரத்தன்மை கண்ணாடி இழையை மெல்ல அரிக்கக்கூடியது; பிசின் அதை எத்தனை காலம் காக்கும் என்பதை நம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்துப் பார்ப்பதே முறை. அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து 1953 முதல் இயங்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் அரிமானச் (அரிப்புச்) சோதனைக் களமே இருக்கிறது. இக்கம்பிகளை அங்கே நீண்டகாலச் சோதனைக்கு வைத்து, முடிவுகளை வீடு கட்டுவோரும் படிக்கும்படி தமிழில் வெளியிடுமாறு நிலையத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி