லேத்தை மாற்றுவதா, மோட்டாரை மாற்றுவதா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன் மரம் கடையும் லேத் பற்றி நீ கேட்டிருந்ததற்கு ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல மனம் வரவில்லை. பட்டறையில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, அளந்து குறித்துக்கொண்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தோள்வலி தீர்ந்து நீ மறுபடியும் உளியைக் கையில் எடுத்துவிட்டாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு மாதம் லேத் பக்கமே போகாமல் இருந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். என் வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. முன்பெல்லாம் நார் பிய்ந்த இடம் உப்புத்தாள் தேய்த்து முடித்த பிறகுதான் என் கண்ணில் படும். இப்போது உளி போகும்போதே தெரிகிறது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. விடுமுறை நாட்களில் பட்டறைக்கு வந்து பக்கத்தில் நிற்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து அங்குலக் கட்டை சுழலும் சின்ன லேத், பெல்ட்டை மாற்றி மாற்றி வேகம் வைக்கும் ஐந்து படி புல்லி, குறைந்தபட்ச வேகம் நிமிடத்துக்கு 750 சுற்று. இதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக வாங்குவதா, மோட்டாரை மட்டும் மாற்றி, திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் ஸ்பீட் போடுவதா என்று கேட்டிருக்கிறாய். என் பதில்: லேத்தை வைத்துக்கொள். மோட்டாரை மாற்று. புல்லியை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றிப் போடாதே. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன்.

போன வருடம் எனக்கு நடந்ததை உனக்கு எழுதவே இல்லை. எழுதினால் கவலைப்படுவாய் என்று விட்டுவிட்டேன். ஈரம் காயாத ஒரு கட்டை, ஒன்பது அங்குல அகலம், ஒரு பக்கம் பட்டையோடு இருந்தது. கட்டையைத் தாங்கும் வட்டத் தகடான ஃபேஸ் பிளேட்டில் முடுக்கி, எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கையும் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். அப்போது என் லேத்திலும் உன்னுடையதைப் போல 750-க்குக் கீழே வேகம் கிடையாது. ஸ்டாண்ட் முழுவதும் தரையில் நடக்க ஆரம்பித்தது. சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுவதற்குள் பட்டை பிய்ந்து வந்து முகக் கவசத்தில் அடித்தது. கவசத்தில் விழுந்த விரிசல் என் இடது கண்ணுக்கு நேரே இருந்தது. அந்தக் கவசத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை, பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டையின் ஒரு பக்கம் 100 கிராம்தான் அதிகம் என்று வைத்துக்கொள். அது மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 750 சுற்றில் அந்த 100 கிராம், கட்டையைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை ஆறு கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். அதுவும் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல், எல்லாத் திசைக்கும் சுற்றிச் சுற்றி. இந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால் வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கி 250-க்கு இறக்கினால் இழுப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும், முக்கால் கிலோகூட வராது. அதே கட்டைதான், அதே ஸ்டாண்ட்தான். 250-ல் கொஞ்சம் முனகும், 750-ல் கழன்று பறக்கப் பார்க்கும். லேத் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதிகபட்ச வேகத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். கிண்ணம் கடைகிறவன் கேட்க வேண்டியது குறைந்தபட்ச வேகத்தை.

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடித்தது. 20 மி.மீ. பேனாக் கட்டை 3000 சுற்றில் ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் நகர்கிறது. ஒன்பது அங்குலக் கிண்ணத்தின் விளிம்பு வெறும் 800 சுற்றிலேயே நொடிக்கு ஒன்பதரை மீட்டருக்கு மேல் போகிறது. காதுக்குக் கிண்ணம் மெதுவாக ஓடுவது போலத்தான் கேட்கும், ஆனால் உளி முனையைப் பொறுத்தவரை அதுதான் மூன்று மடங்கு வேகம். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டே, அது கடைசி வேகத்தைத் தீர்மானிக்கச் சரி. கரடுமுரடான கட்டையை முதல் முதலில் சுற்றவிடும்போது அதை நம்பாதே. ஒன்பது அங்குலத்துக்கு அந்தக் கணக்கு 660-க்குக் குறையாமல் சொல்லும். பட்டையோடு இருக்கும் கட்டைக்கு அதில் பாதியே அதிகம்.

நாம் வேலை கற்ற பட்டறையில் ஆசிரியர் என்ன செய்வார் என்று ஞாபகம் இருக்கிறதா? லேத் ஓட ஆரம்பித்ததும் உளியைத் தொடவே மாட்டார். இடது உள்ளங்கையை, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு நிறுத்திவிட்டு பெல்ட்டை ஒரு படி மாற்றுவார், மறுபடியும் கையை வைப்பார். அவர் எதைத் தேடினார் என்பது வேகத் திருகு என் கைக்கு வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் லேத்தோடு சேர்ந்து அதிரும் ஒரு வேகம் இருக்கிறது. அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ போனால் அதிர்வு சட்டென்று அடங்கிவிடும். ஐந்து படி புல்லியில் அந்த அமைதியான இடம் இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். திருகில் முப்பது நாற்பது சுற்று கூட்டியோ குறைத்தோ அதைப் பிடித்துவிடலாம். கடையக் கடையக் கட்டை மெலிந்துகொண்டே வருவதால் அந்த இடமும் நகரும். பெல்ட் மாற்றுவதற்காக நிறுத்தி நிறுத்தி வேலை செய்கிறவன் 'பரவாயில்லை, இப்படியே ஓடட்டும்' என்று பொறுத்துக்கொள்வான். திருகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் மோட்டார். உனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இருக்கிற மோட்டாருக்கே ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்றைப் போட்டுவிடலாம் என்றாராமே, அதைக் கண்டிப்பாகச் செய்யாதே. அது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ஓடத் தொடங்குவதற்கென்று அதில் தனியாக ஒரு சுருள் இருக்கிறது. வேகம் எடுத்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அந்தச் சுவிட்ச் திரும்ப ஒட்டிக்கொள்ளும், சில நொடி மட்டும் வேலை செய்ய வேண்டிய சுருள் தொடர்ந்து சூடாகிக் கருகும். நான் அப்படி ஒரு மோட்டாரை எரித்திருக்கிறேன். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டியையும் அந்த மோட்டாரோடு சேர்க்க முடியாது.

டிரெட்மில்லிலிருந்து கழற்றிய டி.சி. மோட்டாரைச் சிலர் போடுகிறார்கள். வேகத்தை நன்றாகவே மாற்றலாம். ஆனால் அந்த மோட்டாரின் உடம்பு பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதன் விசிறி மரத்தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும், கார்பன் பிரஷ்ஷும் தேயும். எழுதியிருக்கும் குதிரைத்திறனும் மிக உயர்ந்த வேகத்துக்கானது. நமக்கு வேண்டிய இடத்தில் அதற்கு வலு போதாது.

நான் போட்டிருப்பது முழுக்க மூடிய த்ரீ ஃபேஸ் மோட்டார், நான்கு துருவம், ஒரு குதிரைத்திறன், கூடவே ஒரு வி.எஃப்.டி. பெட்டி. வீட்டில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரமே போதும், பெட்டி அதை வாங்கி மூன்று ஃபேஸாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டார் தகட்டில் 230/400 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 230 வோல்ட் பெட்டிக்கு அதை டெல்டா என்கிற முக்கோண இணைப்பில் கட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸில் மோட்டார் 1440 சுற்று ஓடும், ஹெர்ட்ஸைக் குறைத்தால் வேகமும் அதே கணக்கில் குறையும்.

நீ கவனமாகப் படிக்க வேண்டியது அடுத்த விஷயம். வி.எஃப்.டி. வந்துவிட்டால் புல்லி எதற்கு என்று எனக்குப் பலர் சொன்னார்கள். நானும் முதல் மாதம் பெல்ட்டை மேல் படியிலேயே விட்டுவிட்டேன். கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் போதும், மோட்டார் 'ம்ம்ம்' என்று இழுத்து நின்றுவிடும். காரணம் எளிது. ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வேகம் குறைகிறதே தவிர முறுக்குவிசை கூடுவதில்லை. அதைக் கூட்டுவது புல்லி மட்டும்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் முறுக்குவிசை சுமார் ஐந்து நியூட்டன் மீட்டர். உன் புல்லியின் 750 படியில், அதாவது 50 ஹெர்ட்ஸில் 750 சுற்று தரும் படியில், ஒன்பது அங்குலக் கிண்ணத்தின் விளிம்பில் அது எட்டு கிலோ அழுத்தத்தைத் தாங்கும். 2200 படியில் மூன்று கிலோவைக்கூடத் தாங்காது. ஸ்பிண்டில் இரண்டிலும் 450 சுற்றுதான் ஓடுகிறது என்றாலும் வலு இவ்வளவு வித்தியாசப்படும். போதாததற்கு, பத்து ஹெர்ட்ஸில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடாகிவிடும்.

அதனால் இரண்டு படியை மட்டும் வைத்துக்கொள். 750 படியில் 10 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் 150 முதல் 1050 சுற்று கிடைக்கும். கிண்ணம், தட்டு, டெயில் ஸ்டாக்கில் டிரில் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். 2200 படியில் 440 முதல் 3080 வரை கிடைக்கும். கைப்பிடி, பேனா, பம்பரம் எல்லாவற்றுக்கும் அது போதும். உப்புத்தாளை 400 சுற்றிலேயே தேய்த்துப் பார். தாள் நெடுநாள் உழைக்கும், மரமும் சூடேறி மயிரிழை விரிசல் விடாது.

பெட்டியை மரத்தூள் புகாத இடத்தில் வை. வேகத் திருகையும் சிவப்பு நிறுத்து பொத்தானையும் நீட்டு ஒயரில் இழுத்து டெயில் ஸ்டாக் பக்கம் கொண்டுவந்துவிடு. கட்டை பறக்கும் கோட்டைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டிய இடத்தில் சுவிட்ச் இருக்கவே கூடாது. போன வருடம் என் கை அப்படித்தான் நீண்டது. வேகம் ஏறவும் இறங்கவும் ஐந்தைந்து நொடி வைத்துக்கொள். சடாரென்று நிறுத்தினால் மரையில் முடுக்கிய, கட்டையைப் பிடிக்கும் சக் தானாகக் கழன்று வந்துவிடும். திருப்பிச் சுற்றுகிற வசதியை, சக்கைப் பூட்டும் திருகு இல்லாமல் தொடாதே. பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பல நிமிடம் பொறு, உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எர்த் ஒயரை மறக்காதே.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார், மேலும் கீழும் அசைத்தும் பார். சொரசொரப்போ ஆட்டமோ இருந்தால் முதலில் பேரிங். இரண்டு பக்கமும் கூர் சென்டரைச் செருகி முனையோடு முனை சேர்கிறதா என்று பார். லேத்தின் அடித்தளமான வார்ப்பிரும்புப் பெட் நேராக இருந்து இவையும் சரியாக இருந்தால் அந்த லேத் உனக்கு இன்னும் பல வருடம் உழைக்கும். ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கு. பன்னிரண்டு, பதினான்கு அங்குலத்தில் கடைய வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்தால் மட்டும் பெரிய லேத் வாங்கு. அதற்கு வேகம் மட்டும் போதாது, கனம் வேண்டும், தடித்த ஸ்பிண்டில் வேண்டும். உன் கடிதத்தில் அந்த ஆசை எனக்குத் தெரியவில்லை.

பேத்தியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. போன வாரம் ஒரு சின்னக் கிண்ணத்துக்குக் கட்டையை மாட்டி, அவளுக்கும் கவசம் போட்டுவிட்டு, திருகை அவள் கையிலேயே கொடுத்தேன். இடது கையை ஹெட் ஸ்டாக் மேல் வைக்கச் சொன்னேன். மெதுவாகக் கூட்டினாள். அதிர்வு வந்ததும் முகம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் குறைத்தாள், இன்னும் கொஞ்சம் குறைத்தாள். "இங்க தாத்தா" என்றாள். திரையில் 430 என்று இருந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன். சரியான இடம். ஆசிரியர் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. நீயும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உடனே செய். உன் மோட்டார் புல்லியின் துளை எத்தனை மி.மீ. என்று காலிப்பரில் அளந்து எழுது. 80 ஃபிரேம் என்ற அளவு மோட்டாரின் தண்டு 19 மி.மீ. இருக்கும். உன் புல்லியின் துளை அதைவிடப் பெரியது என்றால் இடைவெளியை அடைக்கும் ஒரு புஷ் கடையச் சொல்லி வாங்கி அனுப்புகிறேன். புல்லியை மாற்ற வேண்டியிருக்காது.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி