கொள்ளைப் படத்தில் காதலுக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதலும் கொள்ளையும் கலந்த திரைப்படங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன, திருடனைக் கதாநாயகனாக்கிக் காதல் என்ற சாயத்தைப் பூசி விற்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். பிள்ளை பெற்றவரின் கவலை அது, மதிக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட படங்களுக்குப் போகிறவர்கள் அங்கே எதைப் பார்க்கிறார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில் குறுவைச் செலவுக்கும், பிறகு சம்பா நடவுக்குமாக எங்கள் பகுதி விவசாயக் குடும்பங்களின் நகைகள் என் கைக்கு வந்து போகும். உரைகல்லில் ஓர் இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட், கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பேன். வளையலுக்குள் அரக்கு எவ்வளவு, தோட்டில் கல் எவ்வளவு என்று கழித்து எடை போடுவேன். பொட்டலம் கட்டி முத்திரை வைத்த பிறகு நகை பெட்டக அறைக்குப் போகும். அந்த அறைக்கு இரண்டு சாவிகள். இரண்டும் இரண்டு பேரிடம். ஒருவர் விடுப்பில் போனால் அவர் சாவி மற்றவர் கைக்குப் போகக் கூடாது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று திருகினால்தான் கதவு திறக்கும். அங்கே அதுதான் காவல்.

அதனால் கொள்ளைப் படம் என்றால் நான் முதலில் பார்ப்பது கதவைத்தான். கணினியில் நாலு தட்டுத் தட்டியதும் பெட்டகம் வாய் பிளக்கிற படங்களில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. வேலை தெரிந்தவன் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். மீதிப் பாதியைத் தாண்டவைப்பது காதல்.

என் மகன் வீட்டில் போட்டுக் காட்டிய ஒரு பழைய ஆங்கிலப் படத்தைச் சொல்கிறேன். 1966இல் வந்தது; பெயர் ‘ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்’. கதை பாரிஸில் நடக்கிறது. கதாநாயகியாக ஆட்ரி ஹெப்பர்ன். அவளுடைய அப்பா போலி ஓவியம் வரைவதில் மன்னன். குடும்பத்தில் தயாரான ஒரு போலிச் சிலையை அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக்காகக் கொடுத்துவிடுகிறார். காப்பீட்டுக்காக நிபுணர் வந்து சோதிக்கப்போகிறார் என்றதும் குட்டு உடைந்துவிடும் என்ற பயம். அப்பாவைக் காப்பாற்ற, தன் வீட்டுச் சிலையைத் தானே திருட முடிவுசெய்கிறாள் மகள்! வீட்டுக்குள் நுழைந்து தன்னிடம் பிடிபட்ட ஒருவனைத் திருடன் என்று நம்பித் துணைக்கு அழைக்கிறாள். அவன் திருடனே இல்லை. போலிக் கலைப்பொருளைக் கண்டுபிடிக்கிற துப்பறிவாளன்.

இரவு அருங்காட்சியகத்தில் துடைப்பமும் வாளியும் வைக்கிற சிறு அறைக்குள் இருவரும் ஒளிந்திருக்கிறார்கள். கால் நீட்ட இடமில்லை. காவலாளி வெளியே பூட்டிவிடுகிறான். சுவரின் மறுபக்கத்தில் ஆணியில் தொங்கும் சாவியை, உள்ளே இருந்தபடி ஒரு காந்தத்தை வைத்து அவன் அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கையையே பார்க்கிறாள். அந்தச் சாவி நகரும்போது எனக்கும் உள்ளங்கை வியர்த்தது. வெளியே வந்ததும் பூமராங் ஒன்றை வீசி வீசி அபாய மணியை அலறவைக்கிறான். தொல்லை தாங்காமல் காவலாளிகளே மணியை அணைத்துவிடுகிறார்கள். இவ்வளவு பாடும் எதற்கு? காசு பெறாத ஒரு போலிக்காக. அது போலி என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வந்து நிற்கிறானே, அந்த இடத்தில்தான் நான் அந்தப் படத்துக்கு அடிமையானேன்.

சாதாரணக் காதல் கதையில் தடை வெளியே இருக்கும். சாதி, பணம், அவள் அண்ணன், இவன் மாமன் என்று யாராவது குறுக்கே வருவார்கள். இந்த வகைப் படத்தில் தடை அந்த இருவருக்குள்ளேயே இருக்கிறது. பொய் எப்படித் தயாராகிறது என்பது இருவருக்கும் தெரியும். சிரிப்பை எங்கே நிறுத்தினால் எதிரி நம்புவான் என்று கணக்குப் போட்டே பழகியவர்கள். அப்படிப்பட்ட ஒருவன், தன்னைப் போலவே கைதேர்ந்த ஒருத்தியை நம்பிக் கயிற்றின் மறுமுனையைக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிடித்துக்கொள்வாளா, விட்டுவிட்டுப் போய்விடுவாளா? அரங்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தவிப்பது இந்தக் கேள்விக்காக. பெட்டியில் இருப்பது வைரமா, காகிதமா என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

தமிழிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரி இறுதியில் வெளியான ‘கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்’. இயக்கியவர் தேசிங்கு பெரியசாமி. துல்கர் சல்மானும் ரிது வர்மாவும் நடித்தது. 1993இல் வந்த ‘திருடா திருடா’ படத்தின் பாட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கும்பகோணத்தில் ஓர் அரங்கில் மனைவியுடன் பார்த்தேன். மார்ச் நடுவில் கரோனாவுக்காக அரங்குகளை மூடிவிட்டதால் படம் நிறையப் பேருக்கு அரங்கில் கிடைக்காமல் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. படம் வந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு இளைஞர்கள் இரண்டு பெண்களிடம் மனதைப் பறிகொடுக்கிறார்கள். இத்தோடு திருட்டை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்தலாம் என்று கிளம்பும்போது அந்தப் பெண்கள் இவர்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பையன்கள் ஆளுக்கு ஆள் திரும்பி, “அப்படியென்றால் அவள் அழுததும் பொய்தானா?” என்று கேட்டுக்கொண்டார்கள். வாசகர் கவலைப்படுகிற அதே வயதுப் பையன்கள்தாம். போன பணத்தைப் பற்றி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இது கடல் கடந்து வந்த சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. சீர்காழிப் பக்கம் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வாரின் கதை என்ன? குமுதவல்லியை விரும்பிப் போனார். வைணவனாக வேண்டும், ஓராண்டு தினமும் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும் என்றாள் அவள். சிற்றரசராகச் சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பப் பணமும் கரைந்து, கடைசியில் வழிப்பறியில் இறங்கினார். திருமணக் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து நகைகளைப் பறித்தார். காலில் கழலாத அணியைப் பல்லால் கடித்து எடுத்தார் என்பார்கள். விரலில் இறுகிப்போன மோதிரத்தை நூல் சுற்றிச் சுற்றிப் பக்குவமாகக் கழற்றிக் கொடுத்தவன் நான். அந்தக் கட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய அவசரம் எனக்கு நன்றாகப் புரியும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திலிருந்து பொன்னாலான புத்தர் சிலையைத் திருவரங்கத் திருப்பணிக்காக எடுத்துவந்து, திருக்கண்ணங்குடியில் புளியமரத்தடிச் சேற்றில் இரவோடு இரவாகப் புதைத்து வைத்து, மரத்தையே உறங்காமல் காவல் இருக்கச் சொன்னார் என்ற கதையும் உண்டு. தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் 11 கருட சேவை பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், அன்ன வாகனத்தில் ஆழ்வாரோடு குமுதவல்லி நாச்சியாரும் எழுந்தருள்வார். தலைமுறை தலைமுறையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இந்தக் கதையைக் கேட்ட மண்ணில், அதனால் யாரும் வழிப்பறிக்குக் கிளம்பிவிடவில்லை.

நிஜத் திருட்டு எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜர் லண்டன் வரை கடத்தப்பட்டு, அங்கே நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல்தான் திரும்பி வந்தார். அதற்கு இங்கே யாரும் கைதட்டவில்லை. திரையில் பார்க்கும் திருட்டும் ஊரில் நடக்கும் திருட்டும் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களா நம் இளைஞர்கள்?

எனக்கும் குறைகள் உண்டு. கொள்ளைத் திட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் வெளிநாட்டுப் பனியில் ஒரு பாட்டைச் செருகிவிட்டு அதற்குக் காதல் என்று பெயர் வைப்பதை நிறுத்த வேண்டும். கதாநாயகியைச் சுவர்க் கடிகாரம்போல மாட்டிவைக்காமல் இரண்டாவது சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஏழையின் பெட்டியை உடைக்கும் கதையும் எனக்கு ஆகாது. நகையைக் கழற்றி என் மேசையில் வைக்கும்போது பெண்கள் ஒரு முறை கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்தவனால் அந்தக் கதையை ரசிக்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் இந்த வகைப் படங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள், யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதைப் படம் வந்த மறுநாளே அச்சடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அரங்குக்குப் போக பஸ் பிடித்து, வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு வர ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடுகிறது. அதுவரையிலாவது பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
மன்னார்குடி