செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: முதல் மாதப் பணமும் பதினெட்டாம் மாதப் பஸ் காசும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமாக எத்தனை கூட்டம் போட்டோம், யார் யார் வந்தார்கள் என்பதுதான் முதலில் வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வருடம், புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு நாம் பணம் கொடுக்கும் முறையையே மாற்றிவிட்டோம், சிலருக்கு அதில் வருத்தம் இருக்கிறது, அதனால் ஏன் மாற்றினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இப்போது ஒன்பது குடும்பங்கள் நம் பட்டியலில் இருக்கின்றன. ஆறு குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய். சிலர் மதுரைக்குப் போகிறார்கள், சிலர் சென்னைக்கு. பெற்றோரில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் கட்டட வேலை, கடலைமிட்டாய் போடுகிற இடம் என்று இருப்பவர்கள். வேலைக்குப் போனால்தான் அன்றைக்குக் கூலி.

நன்கொடை கேட்டுப் போகும்போது, "ஆஸ்பத்திரியில இலவசம்தானே, காப்பீட்டு அட்டையும் இருக்கு, அப்புறம் எதுக்குப் பணம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் அடையாறில் வந்த புற்றுநோய் மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்கு இலவசமாகவும் சலுகையிலும் பார்க்கிறது. ஆனால் காப்பீடு மருந்துக்கும் படுக்கைக்கும் பணம் கட்டுமே தவிர, அம்மா ஆறு மாதம் வேலைக்குப் போகாததற்கு யார் கட்டுவது? ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கி, எதுவும் சட்டென்று தொற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டல் சாப்பாடு கொடுக்க முடியாது, அதனால் அடுப்பு வைத்துச் சமைக்கிற மாதிரி ஒரு அறை வேண்டும், அதற்கு வாடகை. நெரிசலான பஸ்ஸில் ஏற்ற முடியாது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் கார் பிடித்து ஓட வேண்டும், விடியட்டும் என்று இருக்க முடியாது. இதில் எதற்கும் பில் கிடையாது, பில் இல்லாததை எந்தத் திட்டத்திலும் கேட்க முடியாது.

அட்டை வாங்குவதும் லேசில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்குக் கடையில் நிற்கும் அப்பாவை வசதியானவர் என்று யாராவது சொல்வார்களா? இன்னொரு வீட்டில் ரேஷன் கார்டில் இருந்த இன்ஷியல் ஆதாரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அப்பா மூன்று நாள் வேலையை விட்டு அலைந்தார். கடைசியில் நம் பொருளாளர் அண்ணாச்சி கூடவே போய் உட்கார்ந்துதான் முடித்துக்கொடுத்தார்.

மார்கழியில் எட்டயபுரம் பக்கத்து ஊருக்கு ஒரு பாப்பாவைப் பார்க்கப் போயிருந்தோம். ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னபோது அந்த அம்மா வயர்க் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொட்டினார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அடகுக் கடை ரசீதும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் பென்சிலில் ஒரு தேதி, அது ஆஸ்பத்திரிக்குப் போன தேதி. எங்களோடு வந்த ஆச்சிதான் அவர் கழுத்தைக் கவனித்தார்கள். மஞ்சள் கயிற்றில் தாலிக்குப் பதிலாக ஒரு துண்டு விரலி மஞ்சள் தொங்கியது. அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் ஒரு வருஷம்தான் அண்ணாச்சி, முடிஞ்சிரும்" என்று மட்டும் சொன்னார்கள். ஒன்பதாவது படிக்கும் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பிள்ளையை ஜூனில் மறுபடியும் சேர்த்துவிட்டோம்.

இனி மாற்றத்துக்கு வருகிறேன். இதுவரை நோய் தெரிந்த முதல் மாதத்தில் மேடையில் வைத்துப் பத்தாயிரம் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். அந்த மாதத்தில் சொந்தக்காரர்களும் கொடுப்பார்கள், ஊரும் கொடுக்கும். ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம். ஊசி காலம் முடிந்து, தினமும் வீட்டிலேயே மாத்திரை போடுகிற காலம்தான் அதில் நீளமானது. முடி முளைத்துவிடும், பிள்ளை ஓடியாடும், விசாரிக்க வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். ஆனால் ரத்தம் சோதித்து மாத்திரை அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அதற்குக் கட்டாயம் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் நாம் மேடையில் பணம் கொடுத்த ஒரு பையனை உங்களுக்கு நினைவிருக்கும். பதினைந்தாவது மாதத்தில் அவர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கான், ஒரு தடவை போய் வந்தா ரெண்டாயிரம் ஆகுது, அடுத்த மாசம் போகலாம்னு இருந்தோம்" என்று அப்பா பிறகு சொன்னார். நாம் யாரும் போய்க் கேட்கவில்லை. நோய் திரும்பி வந்தது. ஆடி மாதம் அவன் இறந்துபோனான். செயலாளராக நான் அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

அதனால்தான் இனி மாதம் 1,500 ரூபாய், கடைசி மாத்திரை வரைக்கும். மேடை கிடையாது, போட்டோ கிடையாது, அம்மாவின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 36,000 ஆகிறது, அதனால் புதிய குடும்பங்களைக் குறைவாகத்தான் எடுக்க முடிகிறது. இந்த வருடம் இரண்டு பேரிடம் கைவிரித்தோம். அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தாலும் இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் புற்றுநோய் வந்த குழந்தைகளில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று 2018-ல் இலக்கு வைத்தது, பணக்கார நாடுகளில் இப்போதே 80-க்கு மேல் பிழைக்கிறார்கள். நம் பக்கத்தில் பாதியில் நிற்கிற பிள்ளைகளை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டாலே எத்தனையோ பேர் மிஞ்சுவார்கள்.

ரயில் சலுகை பலருக்குத் தெரியவே இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் கிடையாது, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும். சென்னை போகும் குடும்பங்கள் எல்லாருக்கும் இப்போது படிவம் வாங்கிக் கொடுத்தாயிற்று.

ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கேட்டு வந்த அழைப்புகளை மதுரையில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது, கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வர வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள்கூட ஒரு தம்பி போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

கூட்டங்கள் பதினொன்று நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு வேலைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை ஒன்பது வீட்டுக்கும் போன் செய்து, "இந்த மாசம் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்க வேண்டும், போகாவிட்டால் நேரில் போக வேண்டும். ஆளுக்கு மூன்று வீடு வீதம் மூன்று பேர் வேண்டும். ஒருவர் நான். மற்ற இரண்டு பேர் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்